ஆனைமலைப் பக்கம் ஒரு பழைய தோட்டத்து வீடு: துரை கட்டியதா, எங்கள் ஆட்கள் கட்டியதா?

தோட்டத்துப் பேத்தி:

வணக்கங்க. ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். ஒன்பது ஏக்கர் தென்னை, நடுவில் வீடு. ஊரில் அதைப் 'பங்களாத் தோட்டம்' என்றுதான் சொல்வார்கள். அப்பாரும் (அப்பாவின் அப்பா) அப்பத்தாவும் இருந்தவரை அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாள் கிடையாது. அப்பத்தா போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் தேங்காய் வெட்டு நடக்கும் நாளில் திறப்பது, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது, அவ்வளவுதான். நான் இருப்பது திருப்பூரில்.

இப்போது பாகப் பிரிவினைப் பேச்சு நடக்கிறது. வீட்டை இடித்துவிட்டுத் தேங்காய்க் களத்தைப் பெரிதாக்கலாம் என்கிறார் பெரியப்பா. அப்பா வாயே திறப்பதில்லை. இடிக்கக் கூடாது என்று சொல்பவள் நான் ஒருத்திதான். வெறுமனே வேண்டாம் என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. இது எப்போது கட்டியது, இன்னும் எத்தனை காலம் நிற்கும், சரிசெய்ய முடியுமா என்று விவரத்தோடு போய் உட்கார்ந்தால்தான் பேச்சு எடுபடும். அதற்குத்தான் இங்கே கேட்கிறேன்.

வீட்டை முன்னாலிருந்து சொல்கிறேன். வண்டி வந்து நிற்கிற மாதிரி ஒரு முகப்பு, அதற்கு மூன்று பக்கமும் வளைவு. முகப்புக்கு மேலே ஓடு இல்லை, தட்டையான மச்சு. அதைத் தாங்கும் இரும்பு உத்திரம் அடியிலிருந்து பார்த்தால் தெரியும். ஏதோ இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது, பெயிண்டு அடித்து அடித்து மூடிப்போயிருக்கிறது. முகப்பைத் தாண்டினால் நீளத் திண்ணை, அப்புறம் ஆசாரம் என்கிற முன்கூடம். ஆசாரத்துக்குப் பின்னால் தொட்டி, அதாவது வானம் பார்த்த நடுமுற்றம். நாலு பக்கமும் தாழ்வாரம், எட்டு மரத்தூண். தொட்டிக்கு இடது பக்கம் இரண்டு அறை, வலது பக்கம் தானிய அறை, அதற்கு மேல் அட்டாலி என்கிற பரண். பின்னால் சமையல்கட்டு, அதையும் தாண்டினால் பொடக்காளி என்கிற புழக்கடை, கிணறு, மாடு கட்டும் கட்டுத்தாரை. தொட்டியைச் சுற்றி எல்லாம் சீமை ஓடு.

மலை மேலே எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை, மழைக்காலத்தில் கீழே இறங்கித் தங்குவதற்காகக் கட்டிய பங்களா இது என்றும், எங்கள் ஆட்கள் பிறகு விலைக்கு வாங்கியது என்றும் பெரியப்பா சொல்கிறார். அப்பாரு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவருடைய அப்பா எஸ்டேட்டுகளுக்கு வண்டியில் அரிசி ஏற்றிவிடுவார், திரும்பும்போது தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போவார்கள், அந்தக் காசில்தான் வீடு எழும்பியது என்பார்.

எழுத்தாக இருப்பது ஒன்றே ஒன்று. ஆசாரத்து வாசலின் நிலவுச் சட்டத்தில், கஜலட்சுமிக்குக் கீழே, ஓர் 'உ' போட்டு 'ராட்சச வருஷம் தை மாதம்' என்று செதுக்கியிருக்கிறது. ஆண்டு எண் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தானிய அறைக்குள் கதவுக்கு இடது கைப்பக்கச் சுவரில் சுண்ணாம்பில் விரல் தோய்த்து வைத்த பொட்டுகள் இருக்கின்றன. ஐந்து ஐந்தாக, வரிசை வரிசையாக. எண்ண ஆரம்பித்து இருநூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அடுப்புப் புகை ஏறிச் சுவர் பழுப்பாகிவிட்டதால் பொட்டு மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. ஒன்றிரண்டில் விரல் ரேகை கூட இருக்கிறது. எல்லாமே என் இடுப்புக்குக் கீழே இருக்கின்றன. நின்றுகொண்டு வைத்தவர் அவ்வளவு கீழே ஏன் வைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

இனிப் பிரச்சினை. ஆசாரத்தின் மேற்குச் சுவரில் பூச்சு உதிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவரை வைத்து உள்பக்கம் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சு பூசினோம். முதல் மழைக்கே ஈரம் அந்தப் பூச்சைத் தாண்டி நெஞ்சு உயரத்துக்கு ஏறிவிட்டது. இப்போது சுவர் முழுக்க உப்பிக்கொண்டு நிற்கிறது, தொட்டால் வெள்ளைப் பொடி கையில் வருகிறது. அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் அவர். கூரையும் தொட்டியின் இரண்டு மூலையில் ஒழுகுகிறது. ஓட்டை எடுத்துவிட்டு ஷீட் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

---

உடுமலைக் கொத்தனார்:

அம்மிணி, எனக்கு எழுபத்தொரு வயசு. என் அப்பாவும் கொத்தனார், அவர் அப்பாவும் கொத்தனார். இந்த மாதிரித் தொட்டிக்கட்டு வீடு இருபதுக்கு மேல் கை வைத்திருக்கிறேன். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். டைல்ஸ் ஒட்ட விடாதே. மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வருஷம். ராட்சச வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 1855-56, 1915-16, 1975-76. கடைசியை விட்டுவிடு, உன் அப்பத்தாவே அதற்கு ரொம்ப முன்னால் அந்த வீட்டுக்கு வாழ வந்திருப்பார். மீதி இரண்டில் எது என்று கூரையிடம்தான் கேட்க வேண்டும். நீ சீமை ஓடு என்று எழுதியிருப்பது மங்களூர் ஓடு. அதை நம் நாட்டில் முதன்முதலாகத் தொழிற்சாலை வைத்துச் செய்தது பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள், மங்களூரில், 1865-ல். அதற்கு முன்னால் இங்கே எல்லாம் நாட்டு ஓடுதான், பிளந்த மூங்கில் மாதிரி அரைவட்டமாக இருக்கும், கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்குவார்கள். ஆக, இந்தக் கூரை முதலிலிருந்தே சீமை ஓட்டுக் கூரை என்றால் வீடு 1916 தை மாதம்தான்.

முதலிலிருந்தே அதுதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அட்டாலியில் ஏறி, கூரைச் சரிவைத் தாங்கும் கைமரத்தை டார்ச் அடித்துப் பார். சீமை ஓட்டுக்கு, ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பர் ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாக வரும். அந்த ஆணி அடித்த இடம் தவிர வேறு இடைவெளியில் பழைய ஆணி ஓட்டையோ, கயிறு கட்டிய தடமோ இருந்தால் கூரை நடுவில் மாறியிருக்கிறது. கைமரம் சுத்தமாக இருந்தால் மாறவில்லை. அப்படியே ஒழுகுகிற மூலையில் இரண்டு மூன்று ஓட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார். கம்பெனிப் பெயர் அச்சு இருக்கும். பாசல் மிஷன் பேர் இருந்தால் ரொம்ப நல்லது. முதல் உலகப் போரில், ஜெர்மன்காரர்கள் நிறைய இருந்த மிஷன் என்பதால் ஆங்கிலேய அரசு அவர்கள் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின, ஓட்டில் அச்சும் மாறியது. மிஷன் பேர் போட்ட ஓடு போருக்கு முன்னால் சுட்டது, இல்லையென்றால் போர்க்காலத்துச் சரக்கு.

இன்னொரு கணக்கும் பொருந்தி வருகிறது. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது 1915-ல். ஓடு மலையாளக் கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வர வேண்டும். அதுவரை போத்தனூரிலோ பாலக்காட்டிலோ இறக்கி மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். வழியில் பத்துக்கு ஒன்று உடையும் என்று என் அப்பா சொல்வார். வீட்டில் ஓடு கடைசியாகத்தானே ஏறும்? தை மாதம் புதுமனை புகுந்திருக்கிறார்கள் என்றால், அதற்குச் சற்று முன்பு பொள்ளாச்சி ஸ்டேஷனில் ஓடு இறங்கியிருக்கும். வண்டி வைத்து ஸ்டேஷனுக்கும் மலைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தவர் உன் பூட்டன். திரும்பும் வண்டி காலியாக வராது. உன் அப்பாரு சொன்ன கதை எனக்கு நேராகப்படுகிறது.

தூண் தேக்காகத்தான் இருக்கும். ஆனைமலைத் தேக்குக்கு அப்படி ஒரு பேர். 1848-லேயே மைக்கேல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியை வைத்து அரசாங்கம் இந்தக் காட்டுத் தேக்கை முறைப்படுத்தி வெட்ட ஆரம்பித்தது, பம்பாயில் கப்பல் கட்டக்கூட இங்கிருந்து மரம் போனது. மலை விளிம்பிலிருந்து மரத்தைச் சரிவில் தள்ளிவிட்ட இடத்துக்குத்தான் டாப்சிலிப் என்று பேர் நின்றுபோனது. தூணின் அடியில் கல் இருக்கிறதல்லவா, அந்தக் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு குச்சியை விட்டுப் பார். உள்ளே போகவில்லை என்றால் கறையான் தொடவில்லை.

முன் முகப்பு வேறு கதை. அது பின்னால் ஒட்டியது. இரும்பு உத்திரத்தில் பெயிண்டைச் சுரண்டினால் பேர் தெரியும். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இங்கிலாந்து மிடில்ஸ்பரோ ஊரின் டோர்மன் லாங் பேர்தான் இருந்தது. வளைவின் பூச்சைச் சாவியால் கீறிப் பார். வெள்ளையாகப் பொடிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கடினமாக இருந்தால் சிமெண்டு. நம் பக்கம் சிமெண்டு கைக்கெட்டியது மதுக்கரை ஆலை 1934-ல் வந்த பிறகுதான். பஞ்சாலைகளுக்குக் கரண்டு கொடுத்த பைகாரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932. அந்தச் சமயத்தில் பஞ்சிலும் புகையிலையிலும் காசு பார்த்தவர்கள், கார் வாங்கினவர்கள், பழைய தொட்டிக்கட்டுக்கு முன்னால் பங்களா மாதிரி முகப்பு வைத்தார்கள். ஊர்க்காரர்கள் 'பங்களா' என்று கூப்பிட்டது அந்த முகப்பைப் பார்த்துத்தான்.

இப்போது சுவர். உன் வீட்டுச் சுவர் செங்கலும் மண்சாந்தும், மேலே சுண்ணாம்புப் பூச்சுமாக இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்தச் சுவர் தரை ஈரத்தை இழுக்கும். இழுத்தது சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்ந்து போய்விடும். நூறு வருஷம் அப்படித்தான் நின்றது. நீங்கள் இடுப்பு வரைக்கும் சிமெண்டு பூசி அந்த வழியை அடைத்தீர்கள். ஈரம் அடைப்புக்கு மேலே ஏறி, அங்கே காய்கிறது. மண்ணிலிருந்து கூடவே வந்த உப்பு அங்கே பூக்கிறது, பூச்சைத் தள்ளுகிறது. கையில் வரும் வெள்ளைப் பொடி அதுதான். டைல்ஸ் ஒட்டினால் ஈரம் உத்திரம் வரை ஏறும், விட்டத்தின் நுனி உளுத்துப்போகும். விட்டம் போனால் அப்புறம் இடிப்பதைத் தவிர வழியில்லை.

ஆனால் நூறு வருஷமாக இல்லாத ஈரம் இப்போது ஏன் வந்தது? அதைப் பார்க்காமல் பூச்சில் கை வைக்கக் கூடாது. எனக்கு ஒரு சந்தேகம். தேங்காய்க் களம் என்று எழுதியிருக்கிறாயே, அது எந்தப் பக்கம்? எப்போது கான்கிரீட் போட்டீர்கள்? வெளியே போய் அளந்து பார்த்து எழுது. தொட்டித் தண்ணீர் வெளியேறும் கல் தூம்பு திறந்திருக்கிறதா என்றும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்.

---

தாராபுரத்தான்:

ஷீட் பற்றி மட்டும் நான் சொல்கிறேங்க. எங்கள் தோட்டத்துச் சாளையில் ஓட்டை இறக்கிவிட்டு ஷீட் போட்டோம். வேலை மூன்று நாளில் முடிந்தது, செலவும் குறைவு. அந்தச் சித்திரையில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆசாரத்தில் யாராலும் உட்கார முடியவில்லை. எங்கள் அம்மா வேப்ப மரத்தடிக்குக் கட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. இறக்கிய ஓட்டையும் விற்றுவிட்டோம். இன்று அந்த ஓட்டுக்கு அலைகிறேன். நீங்கள் அதைச் செய்ய வேண்டாங்க.

---

வால்பாறை ரிட்டயர்டு:

தங்கச்சி, நான் வால்பாறை எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன். துரை பங்களாக்கள் பலவற்றுக்குள் போய் வந்திருக்கிறேன். உங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

துரைமார் கட்டிய பங்களாவில் தொட்டி இருக்காது. வீட்டுக்கு நடுவில் மழை விழுவதை அவர்கள் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனைமலையில் பெய்கிற மழை அப்படி. வால்பாறைக்குப் பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. பங்களாவை ஒரு மேட்டின் உச்சியில் வைப்பார்கள், தேயிலைக் காடு முழுக்கக் கண்ணில் படுகிற மாதிரி. சுற்றிலும் வராந்தா, வராந்தாவுக்குக் கண்ணாடி ஜன்னல். நடுவில் ஹால், அதை ஒட்டிச் சாப்பாட்டு அறை, ஒவ்வொரு படுக்கை அறைக்கும் தனிக் குளியலறை. குளியலறைக்கு வெளியே ஒரு சின்னக் கதவு இருக்கும், சுடுதண்ணீர் கொண்டுவருகிற ஆள் வீட்டுக்குள் நுழையாமல் அந்த வழியாக வந்து போவார். ஹாலிலும் படுக்கை அறையிலும் குளிர் காயக் கணப்பு, கூரைக்கு மேலே செங்கல் புகைபோக்கி. சமையலறை வீட்டோடு சேர்ந்திருக்காது. தள்ளிக் கட்டி, நடுவில் கூரை போட்ட நடைபாதை வைப்பார்கள். பட்லர் அந்தப் பாதையில்தான் தட்டை ஏந்திக்கொண்டு வருவார். கூரை பெரும்பாலும் தகரம், உள்ளே பலகை அடித்திருப்பார்கள்.

உங்கள் வீட்டில் புகைபோக்கி இருக்கிறதா? வெளிக் கதவு வைத்த குளியலறை இருக்கிறதா? தானிய அறையும் அட்டாலியும் துரைக்கு எதற்கு? அவர் நெல் குத்திச் சாப்பிட்டவர் இல்லை. நிலவில் கஜலட்சுமி செதுக்கி ராட்சச வருஷம் என்று எழுதவும் மாட்டார். அவர்கள் வீட்டில் எழுத்து இருந்தால் நெற்றிச் சுவரில் ஆங்கில ஆண்டு மட்டும்தான் இருக்கும்.

அரிசி வண்டிக் கதை நிஜம். ஆனைமலையில் எஸ்டேட்டுகள் மும்முரமாக எழுந்தது 1890-களுக்குப் பிறகு. மேலே ஆயிரக்கணக்கில் ஆட்கள், ஆனால் ஒரு படி நெல் விளையாது. அரிசி, உப்பு, பருப்பு, துணி எல்லாம் கீழேயிருந்துதான் ஏற வேண்டும். இன்று நாற்பது கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் ஏறுகிறோம், ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்று இறங்கிப் போட்டோ எடுக்கிறோம். அந்தப் பாதை போட்ட லோம் என்ற இன்ஜினீயர் பேர்தான் அது. அந்த மலையடிவாரத்தில் வண்டி வைத்திருந்தவர் இப்படி ஒரு வீடு கட்டியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

---

தோட்டத்துப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்வந்தேன். கொத்தனார் ஐயா சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கைமரம் சுத்தமாக இருக்கிறது. ரீப்பர் ஆணியைத் தவிர ஓர் ஓட்டை கிடையாது. தொட்டியின் தென்மேற்கு மூலையில் நாலு ஓடு கழற்றினோம். மூன்றில் பாசல் மிஷன் அச்சு, ஒன்றில் காமன்வெல்த். உடைந்ததற்குப் பதிலாகப் பின்னால் வாங்கிப் போட்டிருப்பார்கள் போல. அந்த மூலையில் ஒழுகியதற்கு ஓடு காரணமே இல்லை. இரண்டு கூரை சேரும் பள்ளத்தில் போட்டிருந்த தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகி இருக்கிறது. முன்முகப்பின் இரும்பில் ஐயா சொன்ன அதே டோர்மன் லாங் பேர். வளைவின் பூச்சு சாம்பல் நிறம்.

வீட்டில் புகைபோக்கி இல்லை. குளியலறையே வீட்டுக்குள் இல்லை, பொடக்காளியில்தான் இருந்தது.

களம் மேற்குப் பக்கம்தான். நான் படித்துக்கொண்டிருந்தபோது போட்டது. வீட்டுச் சுவரை ஒட்டியே கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள். அளந்தேன். ஆசாரத்துத் தரையைவிடக் களம் நாலு விரற்கடை உயரம், அதுவும் சுவரைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன், நேராகப் போய்ச் சுவர் ஓரம் நின்றது. அரை மணி நேரத்தில் சுவர் அத்தனையையும் குடித்துவிட்டது. பெரியப்பா பக்கத்தில்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை, இன்னொரு குடம் எடுத்து வந்து அவரே ஊற்றிப் பார்த்தார். தொட்டித் தூம்பின் வெளி வாயும் அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில்தான் போய்விட்டிருக்கிறது.

பொட்டு விஷயம். அப்பாருடைய கடைசித் தங்கை, எங்களுக்குச் சின்ன அத்தைப்பாட்டி, கிணத்துக்கடவில் இருக்கிறார். எண்பத்தெட்டு வயது. போட்டோவை போனில் காட்டினேன். பார்த்த உடனே, "எங்க ஆத்தா வச்சதாச்சே இது" என்றார். ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டும்போது அந்தம்மா உள்ளே உரல் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருப்பாராம். மடியில் பிள்ளை, பக்கத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா. மூட்டை ஒன்றுக்குப் பொட்டு ஒன்று. சாயங்காலம் அவர் புருஷன் வந்து பொட்டை எண்ணி நோட்டில் ஏற்றுவாராம். படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு மூட்டை தவறியது கிடையாது என்றார் அத்தைப்பாட்டி. உட்கார்ந்த கைக்கு எட்டிய உயரம்தான் அது. பெரியப்பாவுக்கு இது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அந்த அறையில்தான் இரண்டு பேரும் நெல் மூட்டை மேல் குதித்து விளையாடியிருக்கிறார்கள்.

இடிக்கிற பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. களத்தை உடைக்கப் பெரியப்பா சம்மதித்துவிட்டார். ஐயா, எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

---

உடுமலைக் கொத்தனார்:

நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது, கண்ணு. தண்ணீர் ஊற்றிக் காட்டினாயே, அதுதான் வேலை. ஆயிரம் பேச்சு பேசினாலும் அப்படி நடந்திருக்காது.

சுவரிலிருந்து மூன்றடிக்குக் கான்கிரீட்டை வெட்டி எடுங்கள். ஆசாரத்துத் தரைக்கு ஓர் அடி கீழே போகும்வரை மண்ணையும் எடுத்து, சரிவு வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். ஜல்லி போட்டு நிரப்பினால் போதும், மறுபடி சிமெண்டு வேண்டாம். தூம்பின் வாயைத் திறந்து ஓடைப் பக்கம் வாய்க்கால் வெட்டுங்கள். பள்ளத் தகரத்தை ஆடிக் காற்றுக்கு முன்னால் மாற்றிவிடு. கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் ஓட்டின் மேல் ஆள் நிற்க முடியாது. மூலைக்கு இரண்டு வரிசை ஓட்டை மட்டும் இறக்கினால் போதும், இறக்கும்போதே சாக்கட்டியால் எண் போட்டு வைக்கச் சொல். மிஷன் ஓட்டில் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது.

உள்ளே பூசிய சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுங்கள், உப்பு ஏறிய இடத்துக்கு மேலே இரண்டடி வரை. செங்கல் தெரியும், பார்க்க அசிங்கமாக இருக்கும், அப்படியே விட்டுவிடு. ஒரு கோடை முழுக்கக் காயட்டும். உப்பு பூக்கப் பூக்கத் தென்னை விளக்குமாற்றால் பெருக்கி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். இந்த இடத்தில்தான் எல்லோரும் பொறுமை இழந்து மறுபடி பூசிவிடுகிறார்கள்.

காய்ந்த பிறகு சுண்ணாம்பு. சுட்ட கல்சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, ஒரு தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் மூடி நிற்க ஒரு மாதமாவது ஊற வை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு நாலைந்து நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை விட்டுக் கலவையைக் குழைக்க வேண்டும். அந்தக் காலத்தில் வட்டமாகக் காடி வெட்டி, மாடு கட்டிக் கல் உருளையை இழுத்து அரைப்பார்கள். இன்று மிக்சரில் போட்டு அரைக்கலாம், தப்பில்லை. அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூச வேண்டாம். ஒரு பூச்சு இறுகியபின் அடுத்தது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு இரண்டு வாரம் காயாமல் பார்த்துக்கொள்.

ஆனைமலையில் இந்த வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல். என் கூட வேலை பார்த்த இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், ஒருவருக்குப் பேரனும் துணைக்கு வருகிறான். நானும் ஒருநாள் வருகிறேன், ஏணி ஏற மாட்டேன், கீழே நின்று சொல்வேன்.

தானிய அறைச் சுவருக்குப் பொங்கல் வெள்ளை அடிக்க வந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் வேட்டி ஒன்றைக் கட்டி மறைத்துவிடு. ஆணி அடித்துக் கட்டாதே, அட்டாலிச் சட்டத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடு.